ஹார்ட் டிஸ்க்கில் ரஷ்ஷஸ் தருகிறேன் என்கிறார்கள், வாங்கலாமா?

கேள்வி: எடிட்டிங் மென்பொருளில் ஒரு வருடப் பழக்கம் இருக்கிறது. வெளிவந்த படங்களை வெட்டி டிரெய்லர் செய்து பார்த்திருக்கிறேன். உதவி எடிட்டர் வேலை கேட்டுப் போன இடத்தில், "ரஷ்ஷஸிலிருந்து (படப்பிடிப்பில் எடுத்த, வெட்டாத மூலக் காட்சிகள்) நீ கட் பண்ண ஒரு சீனைக் காட்டு" என்றார்கள். என்னிடம் இல்லை. இப்போது ஒருவர், பெரிய படங்களின் ரா ஃபுட்டேஜை 2 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில் தருகிறேன், ஷோ ரீலிலும் (வேலை கேட்கும்போது காட்டும் மாதிரித் தொகுப்பு) போட்டுக்கொள்ளலாம் என்கிறார். வாங்கிப் பழகலாமா?

பதில்: வாங்காதீர்கள். வெளியாகாத காட்சிகள் தயாரிப்பாளரின் சொத்து. அவர் கையெழுத்து இல்லாமல் உங்கள் கைக்கு வருகிறது என்றால், எங்கோ ஒரு எடிட் அறையிலிருந்து யாரோ காப்பி எடுத்திருக்கிறார்கள். அதை ஷோ ரீலில் போட்டு வேலை கேட்டுப் போனால், பார்க்கிற எடிட்டருக்கு முதலில் தோன்றுவது, "இந்தக் காட்சி இவனுக்கு எப்படிக் கிடைத்தது?" என்ற கேள்விதான். உதவி எடிட்டரிடம் ஒரு படத்தின் மொத்த ரஷ்ஷஸையும் ஒப்படைக்கிறார்கள். அந்த இடத்தில் சந்தேகம் விழுந்தால் உங்கள் கட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் எடுபடாது.

2 டெராபைட் என்ற கணக்கிலும் மயங்க வேண்டாம். உயர்தர ரா ஃபார்மட்டில் ஒரு மணி நேரக் காட்சியே ஒரு டெராபைட்டைத் தாண்டும். இப்படி விற்கிற டிஸ்க்குகள் இரண்டைத் திறந்து பார்த்திருக்கிறேன். முக்கால்வாசி ட்ரோன் ஷாட்டும் சூரிய அஸ்தமனமும்தான். கலர் திருத்தம் பழக அது போதும். சீன் கட் பண்ண முடியாது. கேமரா நிறுவனங்கள் இலவசமாகத் தரும் மாதிரி கிளிப்புகளும் அப்படித்தான். உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு வசனக் காட்சி: மாஸ்டர் ஷாட் (காட்சி முழுவதையும் அகலமாக எடுத்தது), இரண்டு பக்கமும் ஓவர் ஷோல்டர் (ஒருவர் தோளுக்குப் பின்னாலிருந்து மற்றவர் முகம்), க்ளோஸ், ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு டேக் (அதே ஷாட்டைத் திரும்பத் திரும்ப எடுத்தது), தனியாகப் பதிவான ஒலி, திரைக்கதைப் பக்கம். யாரிடம் ரஷ்ஷஸ் வாங்கப் போனாலும் இவை இருக்கிறதா என்று கேளுங்கள்.

டிரெய்லர் வெட்டிய பழக்கம் வீண் இல்லை, தாளம் பிடிபட்டிருக்கும். ஆனால் வெளிவந்த படத்தில் முடிவுகளை எல்லாம் வேறொருவர் எடுத்துவிட்டார். கட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு ஃப்ரேம்கூட மிச்சமில்லை, வசனமும் இசையும் கலந்து கிடக்கின்றன. ரஷ்ஷஸில் வசனம் முடிந்த பிறகும் இயக்குநர் "கட்" சொல்லும்வரை நடிகர் அப்படியே நிற்பார். அந்த இரண்டு விநாடிதான் பல சமயம் அந்த டேக்கிலேயே சிறந்த முகம். அதைத் தேடி எடுக்கத்தான் பழகுகிறோம்.

1950களின் கடைசியில் அமெரிக்க எடிட்டர்கள் சங்கம், 'கன்ஸ்மோக்' தொலைக்காட்சித் தொடரின் ஒரு காட்சிக்கான ரஷ்ஷஸை மூன்று எடிட்டர்களிடம் கொடுத்து, மூவரும் செய்த கட்களை அடுத்தடுத்துக் காட்டியது. அந்த ரஷ்ஷஸ் பிறகு எத்தனையோ வகுப்பறைகளுக்குப் போனது. ஒரு தயாரிப்பு மனம் வைத்தால் எவ்வளவு பேருக்குப் பயன் பாருங்கள்! இன்று வெளியாகி ஓய்ந்த படங்களின் ரஷ்ஷஸ் அலமாரியில் தூங்குகிறது. கட்டணம் வாங்கும் பயிற்சி மையங்களோ மாதக்கணக்கில் எந்தப் பட்டன் எதற்கு என்று சொல்லிக்கொடுத்துச் சான்றிதழ் தருகின்றன. மாணவருக்கு ஒரு முழு சீனின் ரஷ்ஷஸ் கொடுப்பதில்லை. எனக்கு இதில் கோபம் உண்டு. சேருவதற்கு முன், "எத்தனை சீன் ரஷ்ஷஸ் கொடுப்பீர்கள்?" என்று கேளுங்கள்.

நேர்மையான வழிகள் இருக்கின்றன. பயிற்சிக்கென்றே உரிமத்தோடு ரஷ்ஷஸ் விற்கும் எடிட்ஸ்டாக் போன்ற தளங்கள் உண்டு. உரிமத்தில் ஷோ ரீல் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துவிட்டு வாங்குங்கள். ப்ளெண்டர் என்ற இலவச 3டி மென்பொருளை நடத்தும் அமைப்பு, 2012-ல் வந்த தன் 'டியர்ஸ் ஆஃப் ஸ்டீல்' குறும்படத்தின் 4கே கேமரா காட்சிகளைப் பொது உரிமத்தில் வெளியிட்டது. ஆனால் அது முக்கியமாக கிராஃபிக்ஸ் பழகுபவர்களுக்கானது.

நண்பரின் குறும்படத்தில் பழகலாமா என்று அடுத்து கேட்பீர்கள். பழகலாம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன். டிஸ்க் பெரும்பாலும் ஒளிப்பதிவாளரிடம் இருக்கும், அவரும் நல்ல மனதோடு கொடுத்துவிடுவார். ஆனால் அனுமதி தர வேண்டியவர் பணம் போட்டவர். இயக்குநரே பணம் போட்டிருந்தால் அவர் போதும். இரண்டு பேர் சேர்ந்து போட்டிருந்தால் இருவரிடமும் கேளுங்கள். வாய்வார்த்தை வேண்டாம், நாலு வரி மெயில் போதும்: பயிற்சிக்கு மட்டுமா, ஷோ ரீலிலும் போடலாமா, போடலாம் என்றால் படம் வெளியாவதற்கு முன்பா பின்பா. படம் விழாக்களுக்குப் போகிறது என்றால் பின்பு என்றுதான் சொல்வார்கள், காத்திருங்கள். அந்தப் படத்துக்கு ஏற்கனவே ஒரு எடிட்டர் இருந்தால் அவரிடமும் சொல்லிவிடுங்கள். ரீலில் "பயிற்சிக் கட்" என்று எழுத்துப் போடுங்கள். போடாவிட்டால் அவர் வேலையை நீங்கள் எடுத்துக்கொண்டதாகிவிடும்.

சீன் கைக்கு வந்ததும் ப்ராக்ஸி (எடிட் செய்ய வசதியான சிறிய அளவு நகல்) போட்டுக்கொள்ளுங்கள், சாதாரணக் கம்ப்யூட்டரே ஓட்டும். கிளாப் அடிக்கும் ஃப்ரேமையும் அந்தச் சத்தத்தையும் பொருத்தி ஒவ்வொரு டேக்காக சிங்க் செய்யுங்கள். விநாடிக்கு 24 ஃப்ரேம், இரண்டு ஃப்ரேம் தள்ளினாலே பலருக்கு உதடு ஒட்டாதது தெரிந்துவிடும். அப்புறம் எதையும் வெட்டாமல் எல்லா டேக்கையும் ஒருமுறை முழுசாகப் பாருங்கள், என்.ஜி. டேக் (சரியில்லை என்று ஒதுக்கியது) உட்பட. இசை இல்லாமல் ஒரு கட். இரண்டு நாள் கழித்து அதே சீனை மற்ற பாத்திரத்தின் பக்கம் நின்று, புது டைம்லைனில், பழையதைத் திறக்காமல் இன்னொரு கட். வேலை கேட்டுப் போகும்போது இரண்டையும் கொண்டுபோங்கள். ஒரு ஷாட்டை ஏன் அங்கே விட்டீர்கள் என்று அவர்கள் கேட்டால், எந்த டேக், மற்ற டேக்குகளில் என்ன குறை என்று உங்களால் சொல்ல முடியும்.