இ.எஸ்.ஐ. கார்டில் எந்த மருந்தகம்? அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்

கேள்வி: ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். கம்பெனி பஸ்ஸில் போக ஒன்றரை மணி நேரம் ஆகும். எங்கள் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கார்டில் கம்பெனிக்குப் பக்கத்தில் இருக்கும் மருந்தகத்தை, அதாவது டாக்டர் பார்த்து மருந்து தரும் டிஸ்பென்சரியை, போட்டிருக்கிறார்கள். அம்மாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும் இருக்கிறது. மாத்திரை வாங்க அவ்வளவு தூரம் அழைத்துப் போக முடியவில்லை, வெளியில்தான் காசு கொடுத்து வாங்குகிறோம். எச்.ஆரில் கேட்டால், "நம்ம கம்பெனிக்கு அலாட் ஆனது அதுதான்" என்கிறார்கள். மாற்றவே முடியாதா?

பதில்: தாராளமாக மாற்றலாம். கம்பெனிக்கு ஒரு மருந்தகம் என்று இ.எஸ்.ஐ.யில் ஒதுக்குவதில்லை. ஒவ்வொரு தொழிலாளியும் தனக்கான மருந்தகத்தைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதுதான் ஏற்பாடு. வேலையில் சேரும்போது பதிவைக் கம்பெனிதான் இணையத்தில் செய்கிறது. ஒரே நாளில் நாற்பது ஐம்பது பேரைப் பதிவு செய்கிறவர், ஒவ்வொருவரிடமும் வீடு எங்கே என்று கேட்டுக்கொண்டிருப்பதில்லை. பட்டியலில் கம்பெனிக்குப் பக்கத்தில் இருப்பதை எல்லோருக்கும் போட்டுவிடுகிறார். உங்களுக்கும் அப்படித்தான் நடந்திருக்க வேண்டும்.

உங்கள் இ-பெஹ்சான் கார்டை எடுத்துப் பாருங்கள். கார்டு என்று சொன்னாலும் அது ஒரு பிரிண்ட் எடுத்த தாள்தான்: பத்து இலக்கக் காப்பீட்டு எண், குடும்பத்தினர் பெயர்கள், போட்டோ ஒட்டும் இடம், நிறுவனத்தின் கையெழுத்தும் சீலும். அதில் மருந்தகத்தின் பெயர் இரண்டு இடத்தில் இருக்கும். ஒன்று உங்களுக்கு, இன்னொன்று குடும்பத்துக்கு. இரண்டும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இந்த ஒரு விஷயம் தெரியாததால் எத்தனையோ வீடுகளில் வயதானவர்கள் இலவசமாகக் கிடைக்க வேண்டிய மாத்திரையை மெடிக்கலில் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் சம்பளம் 16,000 ரூபாய் என்றால் மாதம் 120 ரூபாய் உங்களிடம் பிடிக்கிறார்கள், நிறுவனம் தன் பங்காக 520 ரூபாய் கட்டுகிறது. அந்தப் பணத்துக்கான பலன் உங்கள் அம்மாவுக்குக் கிடைத்தே ஆக வேண்டும்.

முதலில் எச்.ஆருக்கு எழுத்தில் கொடுங்கள். காப்பீட்டு எண், இப்போதைய முகவரி, உங்களுக்கு எந்த மருந்தகம், குடும்பத்துக்கு எந்த மருந்தகம் என்று நான்கு வரி போதும். நிறுவனத்தின் லாகினிலேயே விவரங்களைத் திருத்த வழி இருக்கிறது. இழுத்தடித்தால் ஆதாரையும் முகவரிச் சான்றையும் எடுத்துக்கொண்டு நேராக இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குப் போங்கள். மனுவின் நகலில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள். திருத்தம் ஆனதும் புதிதாக ஒரு பிரிண்ட் எடுத்து, பெயர் மாறியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே புதிய மருந்தகத்துக்குப் போக வேண்டும்.

மாற்றுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். பழைய மருந்தகத்தில் அம்மாவுக்கு இந்த மாத மாத்திரையை வாங்கிவிடுங்கள். கடைசியாக எழுதிக் கொடுத்த சீட்டு, ரத்தப் பரிசோதனை முடிவு எல்லாவற்றையும் நகல் எடுத்து வையுங்கள். புது டாக்டர் முதல் நாளே பழைய மருந்தைத் தொடர்வதற்கு அது உதவும். இல்லாவிட்டால் எல்லாப் பரிசோதனையும் முதலிலிருந்து என்று ஆகிவிடும், அம்மாவுக்கு வீண் அலைச்சல்.

உங்கள் பெயருக்கு எதிரே இருக்கும் மருந்தகத்தையும் வீட்டுப் பக்கமாகவே மாற்றச் சொல்வேன். காரணம் மருந்து மட்டுமல்ல. நீங்கள் நோயில் படுத்தால் விடுப்புக்கான மருத்துவச் சான்றை அந்த மருந்தகத்து டாக்டர்தான் தர வேண்டும். அதைக் கிளை அலுவலகத்தில் கொடுத்தால்தான் நோய்க்கால உதவித்தொகை வரும். சம்பளத்தில் 70 சதவீதம், அடுத்தடுத்த இரண்டு பலன் காலங்களில், அதாவது ஓர் ஆண்டில், 91 நாள் வரை. நீண்ட காய்ச்சல் என்றால் சான்றை இடையிடையே புதுப்பிக்கவும் வேண்டும். டைபாய்டோடு ஒன்றரை மணி நேரம் பஸ் ஏறிப் போய் யாரால் சான்று வாங்க முடியும்? பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பதும் இங்கிருந்துதான். உடம்பு சரியில்லாத நாளில் எங்கே படுத்திருப்பீர்களோ, அதற்குப் பக்கத்தில் மருந்தகம் இருக்கட்டும்.

கேள்வி: நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறேன். மனைவியும் பிள்ளைகளும் தேனி மாவட்டத்தில் சொந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் அங்கேயே பார்த்துக்கொள்ள முடியுமா?

பதில்: முடியும். மேலே சொன்ன குடும்பத்துக்கான மருந்தகம் என்ற இடமே உங்களைப் போன்றவர்களுக்காகத்தான். குடும்பம் வேறு மாவட்டத்தில் இருந்தாலும், வேறு மாநிலத்தில் இருந்தாலும் அந்த ஊரில் உள்ளதைக் குறிக்கலாம். உங்களோடு வேலை பார்க்கும் வடமாநிலத் தோழர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். அவர்களில் பலருக்கு ஊரில் இருக்கும் பெற்றோருக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது.

ஆனால் எல்லா ஊரிலும் மருந்தகம் இல்லை. பட்டியலில் பெயரைப் பார்த்தவுடன் டிக் செய்துவிடாதீர்கள். மனைவியை ஒரு நாள் காலையில் நேரில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். டாக்டர் தினமும் வருகிறாரா, பெண் டாக்டர் உண்டா, மாலையிலும் திறக்கிறார்களா, குழந்தைகளுக்கான சிரப் இருப்பில் இருக்கிறதா, அங்கிருந்து எந்த இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள் என்று கேட்டு வரட்டும். வரிசையில் நிற்கும் இரண்டு பேரிடம் விசாரித்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். பக்கத்து ஊர் மருந்தகம் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் அங்கே டாக்டர் ஒழுங்காக வருகிறார் என்றால் அதையே எடுங்கள். சில இடங்களில் மருந்தகத்துக்குப் பதில் இ.எஸ்.ஐ.யோடு ஒப்பந்தம் செய்த தனியார் டாக்டர் இருப்பார். பட்டியலில் அவர் பெயரும் வரும், அவரையும் தேர்ந்தெடுக்கலாம்.

குழந்தைகளின் பெயர், பிறந்த தேதி எல்லாம் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்பதையும் இதே கையோடு சரிபார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஓசூரில் பழைய கம்பெனியை விட்டு வேறு கம்பெனியில் சேர்ந்தேன். புதிய இ.எஸ்.ஐ. எண் கொடுத்திருக்கிறார்கள். மருந்தகத்தில் பழைய எண்ணைக் காட்டுவதா, புதியதையா?

பதில்: இரண்டு எண் இருப்பதே தவறு. வேலை மாறினாலும் ஊர் மாறினாலும் காப்பீட்டு எண் ஒன்றுதான். புதிய நிறுவனம் பழைய எண்ணைத் தன் கணக்கில் இணைத்திருக்க வேண்டும். அப்படியே விட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். நோய்க்கால உதவித்தொகைக்கு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையோ, அக்டோபர் முதல் மார்ச் வரையோ உள்ள ஆறு மாதத்தில் 78 நாளுக்குச் சந்தா சேர்ந்திருக்க வேண்டும். நாட்கள் இரண்டு எண்ணில் பிரிந்து கிடந்தால் எந்த எண்ணிலும் 78 தேறாமல் போகலாம். இரண்டு எண்ணையும் குறிப்பிட்டு, ஒன்றாக்கித் தரும்படி கிளை அலுவலகத்தில் மனு கொடுங்கள். வேலை மாறும்போது மருந்தகம் தானாக மாறாது. அதே மனுவில் அதையும் எழுதிவிடுங்கள்.

கேள்வி: வீட்டுக்குப் பக்கத்து மருந்தகத்துக்கு மாற்றிக்கொண்டு போனேன். கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, "உங்களுக்குத் தகுதி காட்டவில்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கிறார்களே?

பதில்: பிடித்த பணம் போய்ச் சேரவில்லை என்று சந்தேகப்படுகிறேன். ஒவ்வொரு மாதச் சந்தாவையும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் நிறுவனம் கட்ட வேண்டும். உங்கள் காப்பீட்டு எண்ணையும் மொபைலையும் வைத்து இ.எஸ்.ஐ. இணையதளத்தில் நுழைந்தால் எந்தெந்த மாதம் கட்டியிருக்கிறார்கள் என்று தெரியும். மாதம் விடுபட்டிருந்தால் சம்பளச் சீட்டின் நகலோடு கிளை அலுவலகத்தில் புகார் கொடுங்கள். 1800-11-2526 என்ற கட்டணமில்லா எண்ணிலும் சொல்லலாம்.

நிறுவனம் கட்டாததற்காகத் தொழிலாளியைத் தண்டிக்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. இப்படிப்பட்ட நிலையில் உதவியை இ.எஸ்.ஐ. கழகமே கொடுத்துவிட்டு நிறுவனத்திடம் வசூலிக்க அது வழி செய்கிறது. மனுவில் இதைக் குறிப்பிடுங்கள். அதுவரை வெளியில் பார்த்த சிகிச்சைக்கான பில், டாக்டர் சீட்டு, மருந்து ரசீது எதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.