ஒரே ஆர்க்கெஸ்ட்ரா ஒலிபரப்பை ஒருவர் ‘அபாரம்’ என்கிறார், இன்னொருவர் ‘உயிரே இல்லை’ என்கிறார். ஏன்?

பெரும்பாலும் ரசனை வேறுபாடு இல்லை. இருவர் காதிலும் விழுந்த ஒலியே வேறு.

அரங்கில் மிக மெல்லிய இசைக்கும் உச்ச முழக்கத்துக்கும் இடையே சுமார் 70 டெசிபல் வித்தியாசம் இருக்கலாம். ஓடும் காரின் இரைச்சலில் மெல்லிய பகுதி அப்படியே அமுங்கிப்போகும். அதனால் பல வானொலி நிலையங்கள் மெல்லியதை உயர்த்தி, உரத்ததை அடக்கி அனுப்புகின்றன. இதற்கு கம்ப்ரெஷன் என்று பெயர்.

பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெல் 1928-இல் எழுதிய ‘பொலேரோ’ என்ற ஆர்க்கெஸ்ட்ரா படைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றை ஸ்னேர் டிரம் (குச்சியால் தட்டும் சிறிய முரசு), கிசுகிசுப்பதுபோல் தட்டத் தொடங்கும். அதே தாளம் கால் மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருகி, கடைசியில் மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் வெடிக்கும். அந்த ஏற்றம்தான் படைப்பே! கம்ப்ரெஷன் கூடினால் தொடக்கமும் முடிவும் கிட்டத்தட்ட ஒரே அளவில் கேட்கும். ‘ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள்’ என்று சலித்துக்கொள்பவரைக் குறை சொல்லவே முடியாது.

மைக் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். வயலினுக்கு மிக அருகில் வைத்தால் வில் உரசுவதுகூடக் கேட்கும், ஆனால் அரங்கின் எதிரொலி குறைந்துவிடும். எனக்கு அந்த எதிரொலிதான் பாதி இசை.

அடுத்த முறை அமைதியான அறையில், நல்ல ஹெட்போனில், முதல் மெல்லிய பகுதிக்கு ஏற்றபடி ஒலியளவை வைத்துவிட்டு, இடையில் அதைத் தொடாமல் கேட்டுப் பாருங்கள்.