குளிரூரில் காருக்கு என்ன வெயில்? கேள்வி பதில்

இன்றைக்கு நிறுத்தி வைத்த காரின் பெயிண்ட், கண்ணாடி, டேஷ்போர்டு, ரப்பர் பற்றி மட்டும் கேளுங்க. எஞ்சின், இன்சூரன்ஸ் எனக்குத் தெரிந்த விஷயம் இல்லை. கேட்பவர் பேருக்குப் பதில் அவர் ஊரைப் போட்டிருக்கிறேன், பெரும்பாலும் நீலகிரிதான்.

கேத்தி: சார், எங்க வீட்டுல ஃபேனே கிடையாது. ஆனா சிவப்பு காரோட கூரையும் பானெட்டும் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெளுத்துப் போச்சு. சூடே இல்லாத ஊர்ல எப்படி?

பதில்: பெயிண்டை வெளுக்க வைப்பதில் சூட்டைவிடப் புற ஊதாக் கதிருக்குத்தான் பெரிய பங்கு. உயரம் 1,000 மீட்டர் கூடினால் அது 10 சதவீதத்துக்கு மேல் கூடும். உங்களுக்குப் பக்கத்து ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர். வானம் தெளிவாக இருக்கிற நாளில் மலையடிவார மேட்டுப்பாளையத்துக் காரைவிட உங்கள் கார் ஐந்தில் ஒரு பங்கு அதிகமாகவே வாங்குகிறது. மெல்லிய மேகம் பெரிதாக எதையும் தடுக்காது.

நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்று நிறமில்லாத பூச்சு ஒன்று உண்டு. கனம் 40, 50 மைக்ரான், தலைமுடியைவிட மெல்லிசு. அடி வாங்குவது அதுதான். தோல் மாதிரி உரிந்திருந்தால் பாலிஷ் வீண், அந்தப் பகுதிக்கு மறுபெயிண்ட்தான். வெறும் மங்கல் என்றால் ஒரே ஒருமுறை காம்பவுண்ட் என்ற தேய்ப்புப் பசை போட்டுத் தேய்க்கலாம். ஒவ்வொரு தேய்ப்பும் மிச்சமிருக்கும் பூச்சைச் சுரண்டும் என்பதால் வருஷா வருஷம் வேண்டாம்.

அப்புறம் சீலண்ட், அதாவது பெயிண்டைக் காக்க மேலே பூசும் பூச்சு. மழை ஓய்ந்த டிசம்பரில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று. கழுவி, காய வைத்து, நிழலில் நிறுத்தி, தகடு கைக்குக் குளிர்ந்த பிறகு பூசுங்க. ஒரு கதவுக்கு ஒரு ரூபாய் நாணயம் அளவு போதும். சூட்டோடு பூசினால் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். காய்ந்த துணியால் தூசி தட்டாதீர்கள். தூசி என்பது பொடி மணல்.

குன்னூர்: அண்ணா, வெள்ளி கலர் ரெயின் கவர் வாங்கிட்டேன். தினமும் ராத்திரி மூடலாமா?

பதில்: வேண்டாம். அது காற்றுப் புகாத பிளாஸ்டிக். விடியற்காலை மஞ்சு இறங்கி அடியில் ஈரம் கோர்க்கும். பத்து மணிக்கு வெயில் அடித்ததும் அந்த ஈரம் ஆவியாகி, போக வழியில்லாமல் பெயிண்டிலேயே உட்காரும். முதலில் நீர்த்திட்டு, பிறகு கொப்புளம், ஜன்னல் ரப்பரில் பூஞ்சை.

கோயம்புத்தூர்: இதை ஒத்துக்க முடியாதுங்க. அஞ்சு வருஷமா அதே கவர்தான், என் கார் புதுசாட்டம் இருக்குது.

பதில்: இருக்கும். அங்கே ஈரம் தங்காது. அதே கவரைக் குன்னூரில் வடகிழக்குப் பருவமழை முழுக்கப் போட்டு வைத்தால் கதை வேறு.

கோயம்புத்தூர்: அப்ப கவரே போடாம வெயில்ல விடச் சொல்றீங்களா? இப்பத்தானே புற ஊதா அதிகம்னு சொன்னீங்க?

பதில்: அது சரியான பிடி. கவரே ஆகாது என்று நான் சொல்லவில்லை. காற்றுப் புகும் பல அடுக்குத் துணிக் கவர், கார் கழுவிக் காய்ந்திருக்க வேண்டும், வெயில் நாளில் பகலில் மட்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் மூடாமல் விடுவது மேல். தூசியோடு மூடினால் காற்றில் கவர் ஆடி ஆடி அரம் போல ராவும்.

அருவங்காடு: நடுவுல வர்றேன். ஷெட் போட இடமில்லாதவன் தினம் கழுவிக் காய வெச்சு மூடிட்டா இருப்பான்?

பதில்: மாட்டான். அதனால்தான் நர்சரியில் கட்டும் பச்சை நிழல்வலையைச் சொல்வேன். 75 சதவீத வலை, நாலு கம்பம், கார் கூரைக்கு மேல் குறைந்தது இரண்டடி இடைவெளி, ஒரு பக்கம் சரிவு. காருக்கு மேல் ஒட்டாது, ஈரமும் தங்காது, வெயிலில் பெரும்பங்கு குறையும். ஆடிக் காற்றுக்கு முன் அவிழ்த்து வைத்துவிடுங்க.

கோயம்புத்தூர்: வலை சரிங்க. கவர் விஷயத்துல நான் சொன்னது எங்க ஊருக்கு.

பதில்: அதில் சண்டையே இல்லை.

கோத்தகிரி: கற்பூர மரத்தடி (யூகலிப்டஸ்) நிழல் போதாதா?

பதில்: பிசின் சொட்டும், காற்று மழையில் கிளை முறியும். பிசின் பட்டால் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து ஒரு நிமிஷம் வைத்து எடுங்க. முதலில் மறைவான இடத்தில் சோதித்துப் பாருங்க. தின்னர் பக்கமே போகாதீர்கள். பறவை எச்சம் என்றால் ஈரத்துணியைப் பத்து நிமிஷம் போட்டு ஊறியதும் வழித்தெடுங்க. காய்ந்த துணி வேண்டாம் என்று மறுபடி சொல்ல வைக்காதீர்கள்.

வெலிங்டன்: டேஷ்போர்டு வெடிக்காம இருக்க? ஜன்னலை விரல் அளவு திறந்து வெச்சா சூடு குறையுமா?

பதில்: அநேகமாகக் குறையாது. மூடிய காரில் ஒரு மணி நேரத்தில் வெளியே இருப்பதைவிட 20 டிகிரிக்கு மேல் ஏறும். வெளியே 22 என்றால் உள்ளே 40ஐத் தாண்டும். ஊட்டி குளிர்தானே என்று குழந்தையையோ நாயையோ உள்ளே விட்டுவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள். முன் கண்ணாடிக்கு வெள்ளிப் பக்கம் வெளியே பார்க்கும் மடிப்புத் திரை, ஓரம் வரை எட்டும் அளவில். முன் கண்ணாடி இரண்டு தகட்டுக்கு நடுவே பிளாஸ்டிக் ஒட்டியது, அதுவே புற ஊதாவைக் கிட்டத்தட்ட முழுக்கத் தடுக்கும். சாதாரணப் பக்கக் கண்ணாடி அப்படியில்லை, அங்கேயும் திரை வையுங்க, வண்டி எடுக்கும்போது கழற்றிவிடுங்க. பளபளக்கும் சிலிக்கான் எண்ணெய் பூசாதீர்கள். தூசி ஒட்டும், கண்ணாடியில் எதிரொளித்துக் கண் கூசும்.

கூடலூர்: சன் ஃபிலிம் ஒட்டலாமா?

பதில்: 2012ல் உச்ச நீதிமன்றம் தடுத்தது, அதன் பிறகு விதி மாறியது, 2024ல் கேரள உயர் நீதிமன்றம் வேறு மாதிரி சொன்னது. உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிட்டு ஒட்டுங்க.

மஞ்சூர்: ஹெட்லைட் மஞ்சளாச்சு. டூத் பேஸ்ட் போடலாமா?

பதில்: பளபளப்பு நிற்காது. தண்ணீர் விட்டு 1000, 2000, 3000 நம்பர் உப்புத்தாள்களில் வரிசையாகத் தேய்த்து, பாலிஷ் போட்டு, புற ஊதா தடுக்கும் கிளியர் பூச்சு அடிக்கணும். கடைசிப் பூச்சை விட்டால் சில மாதத்தில் மறுபடி மஞ்சள்.

குந்தா: நல்ல கவர் ஒண்ணு சொல்லுங்க சார்.

பதில்: மேலே படியுங்க.

லவ்டேல்: கவர் போட்டா பெயிண்ட் கெடுமா?

பதில்: மேலே. குன்னூர்க்காரர் கேள்வி.

ஊட்டி: மேட்டுப்பாளையத்துல காரை விட்டுட்டு மலை ரயில்ல வர்றாங்க எங்க சொந்தக்காரங்க. எதையாவது எடுத்து வைக்கணுமா?

பதில்: சிகரெட் லைட்டர், ஸ்ப்ரே டப்பா, பவர் பேங்க், சானிடைசர், நாலையும் எடுக்கணும். கீழே கோடையில் உள்ளே 60 டிகிரி வரை போகும். உங்கள் காருக்கு ஒன்று: ஜனவரி உறைபனியில் கண்ணாடி வெள்ளையாகிக் கிடந்தால் வெந்நீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். முந்தின ராத்திரியே வைப்பரைத் தூக்கி வைத்து அட்டை மூடுங்க. காலையில் அட்டையோடு பனியும் வந்துவிடும்.