வீடு வீடாகப் போய்க் கேட்பது ஆய்வாகுமா?

கேள்வி: நான் தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தவள். சமூகவியலில் முதுகலை முடித்திருக்கிறேன். பீடி சுற்றும் பெண்களுக்குக் காசநோய் வந்தால், அவர்களில் சிலர் ஏன் மருந்தைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள் என்பதை முனைவர் பட்டத்துக்கு ஆராய விரும்புகிறேன்; நெறியாளரும் கிடைத்துவிட்டார். அண்ணன் எம்.டி. படிக்கிறார், சர்க்கரை நோய் பற்றி ஆய்வேடு எழுதுகிறார். தம்பி பொறியியலில் மின்கலங்களைப் பற்றி ஆராய்கிறான். "அவர்கள் செய்வதுதான் ஆராய்ச்சி. நீ செய்யப்போவது வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பது, அதைக் கணக்கெடுப்புக்கு வருகிறவர்களே செய்துவிடுவார்கள்" என்கிறார் அப்பா. மருத்துவ ஆய்வின் பக்கம் எப்படியாவது மாறிவிடலாமா என்று தோன்றுகிறது. அம்மா மட்டும் என் பக்கம் நிற்கிறார். அவர் இன்றும் பீடி சுற்றுகிறார். நான் என்ன செய்வது?
— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மாற வேண்டாம். நீங்கள் எடுத்திருக்கும் கேள்வி நல்ல கேள்வி. அதற்கு விடை தேடும் வழியும் உங்கள் துறையில்தான் இருக்கிறது. இதை உங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொல்லவில்லை. காசநோயைப் பற்றி நம் நாட்டில் நடந்த ஆய்வுகளைப் பார்த்தாலே இது விளங்கும். அவற்றுள் சிலவற்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அப்பாவிடம் பேசும்போதும் அவை உதவும்.

1950-களில் காசநோய்க்குச் சரியான சிகிச்சை என்றால் சானடோரியம்தான் என்று மருத்துவர்கள் நம்பினார்கள்: நல்ல காற்று, நல்ல உணவு, மாதக்கணக்கில் படுக்கை ஓய்வு. தாம்பரத்தை ஒட்டிய ரயில் நிலையத்தின் பெயரில் அந்தச் சொல் இன்றும் நிற்கிறது. ஆனால் நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். அவர்களுக்குப் போதுமான படுக்கைகளை எந்த அரசாலும் கட்டித் தர முடியாது. புதிய மருந்துகள் கைக்கு வந்துவிட்ட நிலையில், நோயாளியை வீட்டிலேயே வைத்துக் குணமாக்க முடியுமா என்ற கேள்வி எழுந்தது. இதற்காக 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை மாநில அரசும் உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து சென்னையில் ஒரு மையத்தைத் தொடங்கின. இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான்.

வாலஸ் ஃபாக்ஸ் என்ற மருத்துவரின் தலைமையில் அங்கே நடந்த முதல் ஆய்வில், நகரத்தின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்துக்குப் போனார்கள். மற்றவர்கள் தங்கள் நெரிசலான வீடுகளிலேயே இருந்தார்கள். இரு பிரிவினருக்கும் ஐசோநியாசிட், பி.ஏ.எஸ். என்ற அதே இரண்டு மருந்துகள், ஓர் ஆண்டுக்கு. யார் எந்தப் பிரிவுக்குப் போவது என்பதை மருத்துவர் தேர்ந்தெடுக்கவில்லை. சீட்டுக் குலுக்கிப் போடுவதைப் போன்ற சமவாய்ப்பு முறையில் அது முடிவாயிற்று. மருத்துவரிடம் விட்டிருந்தால், நோய் முற்றியவரைப் பார்த்து மனம் இளகிச் சானடோரியத்துக்கு அனுப்பியிருப்பார். பிறகு இரு பிரிவையும் ஒப்பிட்டு எதையும் சொல்ல முடியாமல் போயிருக்கும். 1959-ல் முடிவுகள் வெளியாயின. நல்ல உணவும் ஓய்வும் கிடைத்த சானடோரியப் பிரிவினருக்கும் வீட்டில் இருந்தவர்களுக்கும் குணமடைவதில் பெரிய வேறுபாடு இல்லை. தொடர்ந்து கவனித்தபோது, நோயாளியை வீட்டில் வைத்துச் சிகிச்சை தந்ததால் உடனிருந்தவர்களுக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை என்று தெரிந்தது. உலகம் முழுவதும் காசநோயாளிகள் இன்று வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடுகிறார்கள் என்றால், அதற்கு வழி திறந்த ஆய்வுகளில் இது முதன்மையானது.

அந்த ஆய்வில் அப்பா அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நோயாளிகள் மருந்தை உண்மையிலேயே சாப்பிடுகிறார்களா என்று அறிய, பணியாளர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் வீடு வீடாகப் போனார்கள், மீதமிருந்த மருந்தை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். வீடு வீடாகப் போகாமல் அந்த மருத்துவ ஆய்வே நடந்திருக்காது. அவர்களால் மருந்து உடலுக்குள் போயிற்றா என்று கண்டறிய முடிந்தது. போகாதபோது ஏன் போகவில்லை என்பது வேறு கேள்வி. அதற்கு விடை காண வேறு வகை ஆட்கள் வேண்டியிருந்தது.

அப்படிப்பட்டவர்கள் பெங்களூரில் இருந்தார்கள். 1959-ல் அங்கே தேசியக் காசநோய் நிறுவனம் தொடங்கப்பட்டது. ஊர் ஊராக எக்ஸ்ரே வண்டிகளை அனுப்பி, எல்லோரையும் படம் பிடித்து நோயாளிகளைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்ற கருத்து அப்போது வலுவாக இருந்தது. கிராமத்து மக்கள் தங்கள் நோயை உணர மாட்டார்கள், தாமாகச் சிகிச்சைக்கு வர மாட்டார்கள் என்பது அதன் அடிப்படை. டி. பானர்ஜி, எஸ். ஆண்டர்சன் ஆகிய இருவர் தும்கூர் மாவட்டத்துக் கிராமங்களில் இதைச் சோதித்தார்கள். நோயுள்ளவர்களையும் நோயில்லாதவர்களையும் வீடு தேடிப் போய்ச் சந்தித்து, உடம்புக்கு என்ன செய்கிறது, அதைப் பற்றிக் கவலைப்பட்டீர்களா, யாரிடமாவது போனீர்களா என்று கேட்டார்கள். உங்கள் அப்பா "கேள்வி கேட்பது" என்று சொல்லும் அதே வேலை. 1963-ல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் வெளிவந்த அதன் முடிவைப் படித்தபோது நான் நீண்ட நேரம் அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை. நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் அறிகுறிகளை உணர்ந்திருந்தார்கள். ஏறத்தாழ பாதிப் பேர் மருத்துவ உதவி தேடி ஏற்கெனவே போயிருந்தார்கள். போனவர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தது ஒரு புட்டி இருமல் மருந்து.

மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று நினைத்திருந்த இடத்தில், வாசல்வரை வந்தவரைக் கவனிக்கத் தெரியாத மருத்துவ நிலையம் இருந்தது. இதை எந்த எக்ஸ்ரேயும் காட்டியிருக்காது. இருமலோடு தாமாக வருகிறவர்களின் சளியைப் பக்கத்து மருத்துவ நிலையத்திலேயே நுண்ணோக்கியில் பார்ப்பது, பொது மருத்துவச் சேவையோடு சேர்த்தே சிகிச்சை தருவது என்று 1962-ல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் உருப்பெற்றதில், இந்தச் சமூகவியல் ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு. வினாப்பட்டியலோடு நடந்துபோன சிலரால் ஒரு நாட்டின் திட்டம் வடிவம் பெற்றிருக்கிறது.

பொறியியலின் பங்கும் சிறிதல்ல. கோவாவில் உருவாகி, 2020-ல் உலக சுகாதார நிறுவனத்தின் ஒப்புதலைப் பெற்ற ட்ரூநாட் கருவி மின்கலத்தில் ஓடுகிறது; மின்சாரம் நம்பகமாக இல்லாத ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சளியில் காசநோய்க் கிருமியின் மரபணுவை அதனால் கண்டுபிடிக்க முடியும். தம்பியின் மின்கல ஆய்வு எங்கே போய்ச் சேரும் என்று யார் கண்டது? ஆனால் உங்களுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு 99டாட்ஸ் என்ற முறை. மாத்திரை அட்டையைச் சுற்றிய உறையில் தொலைபேசி எண்கள் மறைந்திருக்கும். மாத்திரையைப் பிதுக்கி எடுத்தால் எண் தெரியும். நோயாளி அந்த எண்ணுக்குக் கட்டணமில்லா அழைப்புக் கொடுத்தால், மருந்தை எடுத்துக்கொண்டதாகப் பதிவாகும். செலவு குறைந்த, அழகான அமைப்பு. சென்னை, வேலூர், மும்பை ஆகிய இடங்களில் நோயாளிகளின் சிறுநீரைச் சோதித்து, அந்தப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டும் எதிர்பார்த்த அளவுக்குப் பொருந்தவில்லை. மருந்து சாப்பிட்டவர் அழைக்காமல் இருந்தார். சாப்பிடாதவரைச் சாப்பிட்டதாகக் காட்டும் பதிவும் இருந்தது. காரணத்தை அறிய நோயாளிகளோடும் பணியாளர்களோடும் உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. சிக்னல் கிடைக்காத வீடு, சொந்தமாகத் தொலைபேசி இல்லாத நிலை, நோய் வெளியே தெரிந்துவிடுமோ என்ற அச்சம் என்று அந்தப் பேச்சிலிருந்துதான் விவரங்கள் வந்தன. கருவியைச் செய்தவர், சிறுநீரைச் சோதித்தவர், பேசிக் கேட்டவர் ஆகிய மூவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் உண்மை நமக்குத் தெரிந்திருக்காது.

ஒவ்வொரு துறையும் எதை ஆதாரம் என்று ஏற்கிறது என்பதில்தான் வேறுபாடு. தம்பியின் மின்கலம் அவனுடைய ஆய்வகத்தில் ஓடினால் போதாது. அவன் எழுதியதைப் படித்து இன்னொருவர் செய்தாலும் அதே அளவு ஓட வேண்டும். அண்ணன் தான் கண்டது தற்செயலாக வந்ததில்லை என்று போதிய எண்ணிக்கையோடும் ஒப்பீட்டோடும் காட்ட வேண்டும். நீங்கள் ஒரு பெண் சொன்ன சொல்லை, அவள் வாழும் வீடு, வேலை, உறவு ஆகியவற்றோடு வைத்துப் படித்து, வேறு விளக்கங்கள் ஏன் பொருந்தவில்லை என்றும் சொல்ல வேண்டும். ஒருவரின் அளவுகோலை எடுத்து இன்னொருவரை அளப்பது நியாயமில்லை.

ஒரு துறை சொன்ன முடிவு அதன் கேள்விக்கு மட்டுமே விடை என்பதையும் மறக்கக் கூடாது. சென்னை ஆய்வைப் படித்தவர்கள், மருந்து ஒழுங்காகக் கிடைத்தால் உணவு பொருட்டில்லை என்று எண்ணிக்கொள்ள இடமிருந்தது. 2023-ல் வெளியான ஜார்க்கண்ட் ஆய்வு வேறொன்றைக் கேட்டது: நோயாளியின் குடும்பத்தாருக்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தால், அவர்களுக்கு நோய் வருவது குறையுமா? 39 சதவீதம் குறைந்தது. இரண்டு ஆய்வுகளும் சரியானவை. கேட்ட கேள்விகள் வேறு.

இனி அப்பாவின் பக்கம். அவர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். நூறு பேரிடம் வினாப்பட்டியலைக் கொடுத்து வாங்கி, இத்தனை சதவீதம் பேர் ஆம் என்றார்கள், இத்தனை சதவீதம் பேர் இல்லை என்றார்கள் என்று அட்டவணை போட்டு, "விழிப்புணர்வு தேவை" என்று முடியும் சமூக அறிவியல் ஆய்வேடுகள் நம்மிடம் ஏராளம். கணக்கெடுப்பு என்று அவர் சொன்னது அவற்றுக்குப் பொருந்தும். உங்கள் ஆய்வு அந்த வழியில் போகாதிருக்க, மருந்தை நிறுத்திய பெண்களோடு, அதே தெருவில் அதே வருமானத்தில் மருந்தை முழுதாக முடித்த பெண்களையும் சந்தியுங்கள். நிறுத்தியவர்களை மட்டும் கேட்டால் வறுமை, பக்க விளைவு, குடும்பம் என்று காரணங்கள் குவியும்; முடித்தவர்களுக்கும் அதே வறுமைதான் இருந்தது என்று தெரியும்போதுதான் உண்மையான கேள்வி தொடங்கும். நோய் தெரிந்தால் பீடிக் கடையில் இலையும் தூளும் தர மறுத்துவிடுவார்களோ என்ற அச்சமா? மாத்திரை சாப்பிட்ட காலையில் குமட்டலோடு உட்கார்ந்து அன்றைய கணக்குப் பீடியை முடிக்க முடியாமல் கூலி குறைகிறதா? சத்துணவுக்காக அரசு தரும் தொகை, 2018-ல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கி 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய் ஆனது, அவள் கைக்கு வருகிறதா, வேறொருவர் கைக்குப் போகிறதா? இவை என் ஊகங்கள் மட்டுமே. களத்தில் இவை மூன்றும் பொய்யாகப் போகலாம். பொய்யாகப் போவதற்கு இடம் வைத்துக் கேளுங்கள்.

நெறிமுறைக் குழுவின் ஒப்புதலை வெறும் தாள் வேலையாக எண்ணாதீர்கள். சிறிய ஊரில், நீங்கள் ஒரு வீட்டுக்கு இரண்டு முறை போனாலே அந்த வீட்டில் காசநோய் இருப்பது தெருவுக்குத் தெரிந்துவிடும். எங்கே சந்திப்பது, என்ன சொல்லிக்கொண்டு போவது, குறிப்பேட்டில் பெயருக்குப் பதில் என்ன எழுதுவது என்பதையெல்லாம் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நடைமுறைக்கு வருகிறேன். 2022-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிகளின்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டுகள். பெண்களுக்குக் கூடுதல் கால அவகாசமும், மகப்பேறு, குழந்தை வளர்ப்புக்காக 240 நாள் விடுப்பும் உண்டு. சோத்கங்கா தளத்தில் பிறருடைய ஆய்வேடுகளைக் கட்டணமில்லாமல் படிக்கலாம். உங்கள் தலைப்புக்கு அருகிலுள்ளவற்றைப் பதிவுக்கு முன்பே படித்துவிடுங்கள். நெறியாளர் சமூகவியலாளராக இருப்பதால், மருந்து முறையையும் அதன் பக்க விளைவுகளையும் சரிபார்க்க ஒரு மருத்துவரின் துணை வேண்டும். அண்ணன் வீட்டிலேயே இருக்கிறார். அவரிடம் உதவி கேட்பதால் உங்கள் ஆய்வு தாழ்ந்துவிடாது. சர்க்கரை நோயாளிகள் ஏன் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள் என்று அவருக்கும் ஒரு நாள் உங்களிடம் கேட்க வேண்டிவரும்.

அப்பாவிடம் வாதம் செய்ய வேண்டாம். தும்கூர் ஆய்வையும் அந்த இருமல் மருந்துப் புட்டியையும் பற்றி மட்டும் சொல்லிப் பாருங்கள்.

வினாக்களை எழுதி முடித்ததும், நெறியாளருக்கு அனுப்பும் முன், அம்மா தட்டை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டுங்கள். எந்தக் கேள்விக்கு அவர் "என்ன கேக்கே?" என்று திரும்பக் கேட்கிறாரோ, அதைத் திருத்தி எழுதுங்கள். எந்தக் கேள்விக்கு அவர் கை நின்றுவிடுகிறதோ, அதைப் பட்டியலின் கடைசிக்குக் கொண்டுபோங்கள். அதை முதல் சந்திப்பில் யாரிடமும் கேட்காதீர்கள்.