கம்போடியாவின் அங்கோர் கோயில் வளாகத்துக்கான ஒருநாள் சீட்டை முந்தைய மாலையே வாங்கலாமா? அப்படி வாங்கிய என் நண்பருக்கு ஒரு நாள் வீணானது. விடியலில் அங்கோர் வாட் பார்த்துவிட்டு விடுதிக்குத் திரும்பி, பிறகு மற்ற கோயில்களுக்குப் போவதாக வரிசை போட்டிருக்கிறேன்.

வாங்கலாம், மாலை 5 மணிக்குப் பிறகு வாங்கும் ஒருநாள் சீட்டு மறுநாளுக்கு உரியது என்பதால், நீங்கள் அஞ்சுவதுபோல் நாள் வீணாகாது, வாங்கிய அன்றே அந்திப்பொழுதைக் காணவும் அதே சீட்டில் உள்ளே விடுவார்கள்.

உங்கள் நண்பருக்கு ஒரு நாள் பறிபோனதற்கு அவர் 5 மணிக்கு முன்பே வாங்கியதுதான் காரணமாக இருக்கும். கவுன்டரை விட்டு நகரும் முன், சீட்டில் உங்கள் படத்துடன் அச்சாகியிருக்கும் தேதி மறுநாளுடையதா என்று பாருங்கள். கட்டணம் 37 டாலர்.

நீங்கள் போட்டிருக்கும் வரிசையில் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்வேன். அங்கோர் வாட் மேற்கு நோக்கிய கோயில் என்பதால் விடியலில் சூரியன் அதன் பின்னால் எழும், கோபுரங்கள் நிழலுருவாகவே தெரியும். அந்தக் காட்சி முடிந்ததும் விடுதிக்குத் திரும்பாமல், 7.30 மணிக்குத் திறக்கும் தா புரோம் கோயிலுக்கு நேரே சென்றால், மரவேர்கள் கவ்விய சுவர்களைக் கூட்டம் சேருமுன் நிதானமாகப் பார்க்கலாம். அதன்பின் பாயோன் கோயில். வெயில் ஏறியதும் அருகிலுள்ள சியெம் ரீப் நகரின் பழைய சந்தைக்குப் போங்கள். ஆனால் உள்ளூர் மக்கள் அன்றாடம் வாங்கும் சந்தையைக் காண விரும்பினால் சார் லூதான் மேல் என்பது என் உறுதியான கருத்து. கடைகளில் கிழிந்த டாலர் நோட்டுகளை வாங்க மறுப்பார்கள்.

தோளும் முழங்காலும் மூடிய உடை இல்லையெனில் அங்கோர் வாட்டின் மேல்தளத்துக்கு அனுமதி கிடையாது. பௌத்தப் புனித நாள்களில் அத்தளத்தை எவருக்கும் திறப்பதில்லை, ஆகவே பயண நாளை உறுதிசெய்யும் முன் நாள்காட்டியைப் பாருங்கள்.