கண் திறந்த பிறகு வரும் அரை மணி நேரம்

கேள்வி: பதினொரு ஆண்டுகளாகத் தினமும் விடியற்காலையில் ஒரு மணி நேரம் தியானம் செய்கிறேன். மூச்சை எண்ணுவது, மந்திர ஜபம், சுடரை உற்று நோக்கும் திராடகம், உடலைத் தலைமுதல் கால்வரை கவனிப்பது என்று நான்கு முறைகளைப் பயின்றிருக்கிறேன். சில நாட்களில் மனம் முழுக்க அடங்கி, மூடிய கண்ணுக்குள் வெண்மையான ஒளி தெரிகிறது. நேரம் போவதே தெரிவதில்லை. அந்த அமைதி கலையக்கூடாது என்பதற்காக எழுந்து அரை மணி நேரம்வரை என்னிடம் யாரும் பேசமாட்டார்கள். வீட்டில் எல்லோருக்கும் அது பழகிவிட்டது. மகள்கூடப் பள்ளிக்குக் கையெழுத்து வாங்க வேண்டியதை அவள் அம்மாவிடமே கொடுத்துவிடுவாள். ஆனால், இரண்டு ஆண்டுகளாக இதற்கு மேல் ஆழம் போக முடியவில்லை. அடுத்து எந்த முறையைப் பயில வேண்டும்? வேலையில் விடுப்பு எடுத்துக்கொண்டு மூன்று மாத மௌன முகாமுக்குப் போனால் சமாதி நிலை கைகூடுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: ஐயா, ஒளியைப் பற்றி நீங்கள் எழுதியதை வேகமாகக் கடந்துவிட்டேன். கையெழுத்தைப் பற்றி எழுதிய வரியில்தான் நின்றுவிட்டேன்.

‘வீட்டில் எல்லோருக்கும் பழகிவிட்டது’ என்கிறீர்கள். பழக்கியது யார்? அப்பாவிடம் எந்த நேரத்தில் பேசலாம், எந்த நேரத்தில் பேசக்கூடாது என்று தெரிந்துகொண்டு எந்தக் குழந்தையும் பிறப்பதில்லை. ஏதோ ஒரு காலையில் அவள் நோட்டை நீட்டியிருக்கிறாள். நீங்கள் எதையோ சொல்லியிருக்கிறீர்கள், அல்லது ஒன்றும் சொல்லாமல் ஒரு பார்வை பார்த்திருக்கிறீர்கள். அதோடு நிறுத்திக்கொண்டாள். உங்களுக்கு அது நினைவில் இருக்காது. அவளிடம் கேட்டால் நாள், கிழமையோடு சொல்வாள்.

இப்படிப்பட்ட கடிதங்கள் எனக்குப் புதியவை அல்ல. பெரும்பாலும் குடும்பத் தலைவர்கள் எழுதுவார்கள். அடைந்த நிலையைப் பத்து வரி வருணிப்பார்கள். அந்த நேரத்தில் வீட்டை யார் தாங்கிப் பிடித்தார்கள் என்பதற்கு ஒரு வரிகூட இருக்காது. உங்கள் கடிதத்தில் தற்செயலாக ஒரு வரி தப்பி வந்துவிட்டது. அதனால்தான் பதில் எழுதுகிறேன்.

முதலில் முறையைப் பற்றி. தாரணை, தியானம், சமாதி ஆகிய மூன்றையும் யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி ஒரே ஓட்டத்தின் அடுத்தடுத்த நிலைகளாகத்தான் சொல்கிறார். மனத்தை ஓரிடத்தில் நிறுத்துவது தாரணை. நிறுத்திய இடத்தில் கவனம் அறுபடாமல் தொடர்ந்தால் தியானம். ‘நான் கவனிக்கிறேன்’ என்பதும் மறைந்து, கவனிக்கப்படும் பொருள் மட்டும் நின்றால் சமாதி. மூச்சை எண்ணுவதும் சுடரைப் பார்ப்பதும் மந்திரத்தை உருவேற்றுவதும் தாரணைக்கான பிடிமானங்கள், அவ்வளவுதான். கவனம் கூடினால் எண்ணிக்கை தானாக நழுவி மூச்சு மட்டும் மிஞ்சும். பிறகு மூச்சும் மெலிந்து, ஓடுகிறதா நின்றுவிட்டதா என்றே தெரியாத கட்டம் வரும். அங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். சிலர் பதறிப்போய் மூச்சை வேண்டுமென்றே இழுத்துப் பார்க்கிறார்கள். சிலர் ஒன்றும் நடக்கவில்லையே என்று சலித்து வேறு முறைக்குத் தாவுகிறார்கள். தாவியவர் மறுபடி தாரணையின் முதல் நாளுக்கே வந்து சேர்கிறார். நெடுங்காலம், இடைவிடாமல், மதிப்போடு செய்யும் பயிற்சியே உறுதிப்படும் என்று யோக சூத்திரம் மூன்று நிபந்தனைகள் வைக்கிறது. நெடுங்காலம் செய்திருக்கிறீர்கள், சரி. நான்கு முறைகளுக்கு மாறிய கணக்கை ‘இடைவிடாமல்’ என்பதில் எப்படிச் சேர்ப்பது?

ஐந்தாவது முறை உங்களுக்குத் தேவையில்லை. மூச்சுக்கே திரும்புங்கள். 5-ஆம் நூற்றாண்டில் இலங்கையில் விசுத்திமக்கம் என்ற பௌத்தத் தியான நூலை எழுதிய புத்தகோசர் 40 தியானப் பொருள்களைத் தொகுத்திருக்கிறார். அவற்றில் ஒன்றான மூச்சு, ஜானங்கள் எனப்படும் ஆழ்ந்த ஒருமையின் நான்கு படிநிலைகள்வரை கொண்டுபோகும் என்கிறார். உங்கள் ஒளிக்கும் அவரிடம் பதில் இருக்கிறது. கவனம் குவியும்போது சிலருக்கு நட்சத்திரம்போல, சிலருக்கு முத்துபோல, சிலருக்குப் பஞ்சுபோல ஓர் அடையாளம் தோன்றும் என்கிறார். அதே நூலில் இன்னோர் இடத்தில், உடலிலும் மனத்திலும் நிகழ்வதை உள்ளபடி பார்க்கும் விபசனாவைப் பயில்பவரை வழிதவறச் செய்யும் பத்து மாசுகளைப் பட்டியலிடுகிறார். அந்தப் பட்டியலில் முதலில் நிற்பது ஒளி. அதைக் கண்டதும் ‘வந்து சேர்ந்துவிட்டோம்’ என்று நினைத்துப் பயிற்சியை விட்டுவிட்டு அதையே ரசித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்களாம். இரண்டு ஆண்டுகளாக நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று இப்போது புரிகிறதா?

ரமணர் உபதேச உந்தியாரில் மன ஒடுக்கத்தை இரண்டாகப் பிரிக்கிறார்: இலயம், நாசம். இலயித்த மனம் மறுபடி எழும், நாசமானது எழாது. மூச்சை அடக்கினால் மனமும் ஒடுங்கும் என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால், அந்த ஒடுக்கத்திலேயே தங்கிவிடுவதை எச்சரிக்கிறார். இதற்கு அவர் சொன்ன கதை ஒன்று உண்டு. கங்கைக் கரையில் ஒரு யோகி, சீடனிடம் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிவிட்டு ஆழ்ந்த ஒடுக்கத்தில் போய்விட்டார். காலம் தலைமுறை தலைமுறையாக ஓடியது. கண் திறந்ததும் அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல், ‘தண்ணீர்’. அத்தனை காலமும் மனம் அடங்கித்தான் இருந்தது. தாகம் மட்டும் போட்ட இடத்தில் அப்படியே இருந்தது.

நீங்கள் கண் திறந்ததும் உங்களிடமிருந்து வருவது ‘என்னிடம் பேசாதே’. உள்ளே போகும்போது எதைக் கையில் பிடித்துக்கொண்டு போனீர்களோ அதையே பிடித்துக்கொண்டு திரும்புகிறீர்கள். பத்து வயதுப் பிள்ளையின் ‘அப்பா’ என்ற ஒரு குரலுக்குக் கலைந்துபோகும் அமைதி எத்தனை ஆழத்திலிருந்து வந்திருக்க முடியும்? அவள் வயது எனக்குத் தெரியாது, நீங்கள் எழுதவில்லை. எந்த வயதானாலும் கேள்வி அதேதான்.

பதஞ்சலி சொல்லும் யோகத்தின் எட்டு அங்கங்களில் முதல் அங்கம் யமம் என்ற ஒழுக்க நெறி, யமத்தில் முதலாவது அகிம்சை. ஆசனமும் பிராணாயாமமும் அதற்குப் பிறகுதான். சித்தம் தெளிவதற்கான வழிகளைச் சொல்லும் இடத்திலும் பதஞ்சலி முதலில் வைப்பது நட்பையும் கருணையையும், பிறர் நன்மையில் மகிழ்வதையும், பிறர் தீமையில் நடுநிலை காப்பதையும். மூச்சு அதற்கு அடுத்த சூத்திரத்தில்தான் வருகிறது. இந்தப் பகுதியை எல்லோரும் நீதி போதனை என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். இதுவும் ஒரு தியான முறைதான். விபசனா ஆசிரியர் கோயங்கா பரப்பிய பத்து நாள் முகாமைப் பாருங்கள். முதல் மூன்று நாட்கள் மூச்சு மட்டும், நான்காம் நாளில் விபசனா, ஒன்பது நாட்கள் முழு மௌனம். பத்தாம் நாள் காலையில் எல்லோருக்கும் நலம் நினைக்கும் மைத்ரி பாவனையைக் கற்றுத்தந்த பிறகு மௌனத்தைக் கலைத்துவிடுகிறார்கள். வீட்டுக்குப் போகும் முன் மனிதர்களோடு பேசிப் பழக ஒரு முழு நாளைத் தந்திருக்கிறார்கள். நீங்களோ தினமும் ஒன்பதாம் நாளிலேயே எழுந்து வெளியே வருகிறீர்கள்.

அதனால் ஒரு மணி நேரத்தில் கடைசிப் பத்து நிமிடத்தை இதற்கு மாற்றுங்கள். கண்ணைத் திறக்காமல் மூச்சை அதன் போக்கில் விடுங்கள். உங்களுக்கும், பிறகு மனைவிக்கும் மகளுக்கும், பிறகு உங்களுக்கு எரிச்சல் மூட்டும் ஒருவருக்கும் நலம் நினையுங்கள். விரல்களை மெல்ல அசைத்து, கண்ணைத் திறந்து, சற்று நேரம் அங்கேயே உட்கார்ந்திருங்கள். ஆழ்ந்த ஒருமையிலிருந்து சட்டென்று எழுபவருக்குச் சின்ன ஓசைகூடக் கடுமையாகத்தான் படும், அதில் தவறில்லை. ஆனால், அதைச் சரிசெய்யும் வேலை உங்களுடையது. வீட்டில் இருப்பவர்களின் வாயை மூடவைத்துச் சரிசெய்திருக்கிறீர்கள்.

குடும்பம் இருப்பதால்தான் ஆழம் போக முடியவில்லை என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால், முகாமைப் பற்றிய கேள்விக்குள் அது ஒளிந்திருக்கிறது. கோயங்காவுக்குக் கற்றுத்தந்த ஊ பா கின் துறவி அல்ல. 1948-இல் சுதந்திர பர்மாவின் முதல் தலைமைக் கணக்காயராகப் பதவியேற்றவர், குடும்பஸ்தர். தம் அலுவலகத்திலேயே ஊழியர்களுக்குத் தியானம் கற்றுத்தந்தார். கோயங்காவும் மனைவி மக்களோடு வாழ்ந்த வணிகர்தான். துறவு பூண்டவரின் கணக்கு வேறு. அதில் நான் தலையிடமாட்டேன். கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, அதன் பிறகு தினமும் ஒன்றரை மணி நேரம் அப்பா வேலையிலிருந்து விடுப்பு எடுத்துக்கொள்பவரிடம் எனக்குக் கேட்க நிறைய இருக்கிறது. உங்கள் மனைவிக்கு அப்படி ஓர் அரை மணி நேரத்தை யாராவது எடுத்து வைத்திருக்கிறார்களா? அவர் கண் மூடி உட்கார்ந்தால், மகள் நோட்டை உங்களிடம் கொண்டுவருவாளா?

நாளையிலிருந்து அந்த அரை மணி நேரத் தடையை எடுத்துவிடுங்கள். அறிவிப்பெல்லாம் வேண்டாம், எழுந்ததும் நீங்களே போய் மகளிடம் நோட்டைக் கேளுங்கள். முதல் சில நாட்கள் அவள் நம்பமாட்டாள். எரிச்சல் தலைதூக்கும் கணத்தைப் பாருங்கள். மூச்சு சிதறும்போது எப்படிக் கவனித்துத் திரும்பக் கொண்டுவருவீர்களோ, அதையே அங்கும் செய்யுங்கள். இரண்டு ஆண்டுகளாக நகராதது நகரத் தொடங்குவது அநேகமாக அங்கேதான்.

மூன்று மாத முகாம் இப்போது வேண்டாம். நீண்ட மௌனத்தில் உறக்கம் கெடுவதும், பதற்றம் கூடுவதும், பழைய துயரங்கள் கிளம்புவதும் பலருக்கு நேர்ந்திருக்கின்றன. திரும்பி வரும்போது தாங்கிக்கொள்ள ஒரு வீடு வேண்டும். உங்களிடம் பேசவே தயங்கும் வீட்டை நம்பி அந்தச் சோதனையில் இறங்காதீர்கள். ஆறு மாதம் கழித்து இதே கேள்வியை அனுப்புங்கள். அந்தக் கடிதத்தை உங்கள் மனைவி எழுதட்டும். நீங்கள் தயாரா இல்லையா என்று அவர் சொன்னால் நம்புகிறேன்.