தட்டு மாத்தியாச்சு, ஆனா பேச மாட்டேங்குறா

மேடம், வணக்கம். எனக்கு 29 வயசு. ஊர் காவேரிப்பட்டணம் பக்கம், ஓசூர்ல கம்பெனி வேலை, ஷிப்ட். ஆவணியில நிச்சயம் முடிஞ்சுது. பொண்ணு பாலக்கோடு, பி.எட். ரெண்டாம் வருஷம். தை மாசம் கல்யாணம். நிச்சயம்னா பாதிக் கல்யாணம்னு எங்கம்மா சொல்வாங்க. இவ அப்படி நடந்துக்கறதே இல்ல. நைட் ஷிப்ட் முடிச்சுக் கூப்பிட்டா, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு வச்சிடறா. புது போன் வாங்கிக் குடுத்தேன். அதுல ஸ்டேட்டஸ் வைக்கறா, எனக்கு ரிப்ளை இல்ல. ஒகேனக்கல் போலாம்னேன், வரல. ஆயுத பூஜைக்குக் கம்பெனிக்குக் கூப்பிட்டேன், வரல. மோதிரத்தக் கூடக் கழட்டி வச்சிட்டா. நிச்சயத்தன்னிக்கு மாடியில கொஞ்ச நேரம் பேச விட்டாங்க, கோர்ஸ் முடிஞ்சதும் கல்யாணம் வச்சுக்கலாமா, உங்க வீட்ல கேளுங்கன்னா. பார்க்கலாம்னேன். மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு, அத விடுங்க. போன்ல பேசவே ஆசையில்லாதவ கல்யாணம் ஆனா எப்படி இருப்பா? ரிப்ளை கூட இல்லன்னா, வேற யாராச்சும் இருப்பாங்களோ?

அன்புத் தம்பிக்கு,

'அத விடுங்க' என்கிறீர்கள். நான் விடப் போவதில்லை. போன், மோதிரம், ஒகேனக்கல் எல்லாம் ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் பெண் உங்களிடம் வாய் திறந்து கேட்டது ஒன்றே ஒன்று. முடியாது என்றிருந்தால்கூட அது ஒரு பதில். 'பார்க்கலாம்' என்று சொல்லிவிட்டு வீட்டில் பேச்சே எடுக்கவில்லை. இப்போது சொல்லுங்கள், யார் யாருக்கு ரிப்ளை போடவில்லை?

பி.எட். இரண்டாம் வருடத்தில் 16 வாரம் பள்ளிக்கூடத்தில் வகுப்பெடுக்க வேண்டும். ராத்திரி உட்கார்ந்து பாடக்குறிப்பு எழுதி, சார்ட் வரைந்து, காலையில் பஸ்ஸுக்கு ஓடுகிறவளிடம் கொஞ்சிப் பேச நேரம் எங்கே இருக்கும்? உங்களுக்குத் தை என்றால் கல்யாணம். அவளுக்கு அது படிப்பு பாதியில் நிற்குமோ என்கிற தேதி.

அம்மா சொன்ன 'பாதிக் கல்யாணம்' ஊர் வழக்கம், தப்பில்லை. ஆனால் தட்டு மாற்றியதால் 1955 இந்து திருமணச் சட்டப்படி யாரும் மனைவி ஆகிவிடுவதில்லை. நிச்சயத்தைக் காட்டி ஒரு பெண்ணைத் தாலிக்குக் கழுத்தை நீட்டச் சொல்லிக் கோர்ட்டும் உத்தரவு போடாது. அவளும் நீங்களும் ஒருவரையொருவர் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் இந்த இடைவெளி. நீங்களோ உரிமையை மட்டும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டீர்கள்.

'வேற யாராச்சும்' என்ற சந்தேகம் எங்கிருந்து வந்தது என்றும் யோசியுங்கள். குற்றம் அவள் மேல் என்றாகிவிட்டால், அம்மா அப்பாவிடம் தேதியைப் பற்றிப் பேசும் வேலை உங்களுக்கு மிச்சம். பெரியவர்கள் குறித்த முகூர்த்தத்தை மாற்றச் சொல்வது நம் பக்கத்தில் லேசில்லை, அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. அதைச் சந்தேகமாக மாற்றி அவள் தலையில் கட்டாதீர்கள்.

முதலில் வீட்டில் பேசுங்கள். வைகாசியிலும் முகூர்த்தம் உண்டு, மண்டபக்காரரிடம் கேட்டுப் பார்க்கலாம். தேதி நகரவே நகராது என்றால், கல்யாணத்துக்கு அப்புறம் அவள் எங்கே தங்கிப் படிப்பை முடிப்பாள், பீஸ் யார் கட்டுவது என்பதை முடிவு செய்துகொண்டு பாலக்கோட்டுக்கு நேரில் போய்ச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் அவள் பேசாமல் இருந்தால், இந்தக் கல்யாணத்தில் இஷ்டமா என்று அவளையே கேளுங்கள். 'இல்லை' என்று அவள் சொன்னால் அட்வான்ஸ் பணம்தான் போகும்.